ட்ரெமோலோ ஆர்ம்: கழற்றி வைக்கச் சொல்கிறார்கள், எனக்கு மனம் வரவில்லை

வியாசை_ஆறுதந்தி எழுதியது:

வணக்கம். எனக்கு வியாசர்பாடி. இரண்டு இடங்களில் கிதார் வாசிக்கிறேன். ஞாயிறு காலையில் எங்கள் தேவாலயப் பாடகர் குழுவில். ஆடி பிறந்துவிட்டால் ஒரு மெல்லிசைக் குழுவோடு தெருத்தெருவாக. சமீபத்தில் ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வகையைச் சேர்ந்த பழைய எலெக்ட்ரிக் கிதார் ஒன்று கைக்கு வந்தது. ஆறு திருகு பிரிட்ஜ் (உடல் பக்கம் தந்திகளைத் தாங்கும் தட்டு), பின்பக்கம் ஐந்து ஸ்பிரிங், 9ஆம் நம்பர் மெல்லிய தந்திகள். ட்ரெமோலோ ஆர்மும், அதாவது அமுக்கினால் எல்லாத் தந்திகளின் சுருதியும் ஒன்றாக இறங்கும் பிரிட்ஜ் கம்பியும், கூடவே வந்தது. அதுவரை ஆர்ம் இல்லாத கிதாரையே வாசித்துவந்தவனுக்கு அது கிடைத்தால் கை சும்மா இருக்குமா?

இரண்டு குழுவிலும் இரண்டு விதமான தீர்ப்பு வருகிறது. தேவாலயத்தில் கீபோர்டு வாசிக்கும் அண்ணன், "நான் ஒரு சுருதியில் நிற்கிறேன், நீ அதைச் சுற்றிச் சுற்றி வருகிறாய்" என்கிறார். பாடகர் குழுவை நடத்தும் டீச்சர் ஒரு படி மேலே போய், நான் ஆர்மைத் தொட்டால் பின்வரிசைப் பெரியம்மாக்களின் பாட்டும் சேர்ந்து இறங்குகிறது என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். ஆனால் கூழ் ஊற்றும் நாளன்று புளியந்தோப்பில் மேடை போட்டபோது, இடையிசையின் முடிவில் ஆறாவது தந்தியைத் தட்டிவிட்டு ஆர்மை அடிவரை அமுக்கினேன். விசில் அடங்கவே நேரமானது. பாடகர் சரணத்தை எடுக்கக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஆகவே "வேண்டாம்" என்ற பதிலை நான் ஏற்கப்போவதில்லை. எங்கே, எவ்வளவு, எப்படி என்று சொல்லுங்கள். இன்னொன்று: ஆர்மை அமுக்கி விட்டபின் தந்திகள் பழைய இடத்துக்குத் திரும்புவதில்லை. சுருதி சற்று ஏறியே நிற்கிறது. அமுக்கினால் இறங்கித்தானே போக வேண்டும், ஏன் ஏறுகிறது?

---

தண்டை_தாளம் எழுதியது:

தம்பி, நான் டிரம்ஸ் வாசிப்பவன். தண்டையார்ப்பேட்டையில் எங்கள் குழுவில் ஒரு கிதார்காரர் இருந்தார். பாட்டுக்குப் பாட்டு நடுவே அவர் ட்யூன் செய்து முடிப்பதற்குள் ஜெனரேட்டரில் டீசல் தீர்ந்துவிடும். ஆர்மைக் கழற்றிப் பெட்டியில் போடுங்கள். எல்லோரும் நிம்மதியாக இருக்கலாம்.

---

லோகோ_கிதார் எழுதியது:

தாளக்காரருக்கு முதலில்: சிம்பல் அடிக்காத டிரம்மரைக் கொண்டுவாருங்கள், பிறகு ஆர்மைக் கழற்றுவது பற்றிப் பேசலாம்.

வியாசைத் தம்பிக்கு. நான் பெரம்பூர் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்து, அங்கேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் பகுதியில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய இருந்தன. கிறிஸ்துமஸ் நடன விருந்துகளில் எலெக்ட்ரிக் கிதார் வாசிக்கக் கேட்டுத்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. அங்கே எல்லோருக்கும் ஒரே தெய்வம், ஷேடோஸ் குழுவின் ஹேங்க் மார்வின். 1960 முதல் அவர் வாசித்ததையெல்லாம் கேட்டுப் பாருங்கள். பாடகரே இல்லாமல் கிதார் பாடுவது தெரியும். ஆர்ம் அவர் கையை விட்டு விலகுவதே இல்லை, உள்ளங்கைக்குள் அடங்கியபடியே இருக்கும். ஆனால் கேட்பவனுக்கு "ஆர்ம் வந்தது" என்று தோன்றாது. அதைத்தான் நீங்கள் பிடிக்க வேண்டும்.

அவர் செய்வதில் பாதி வேலை காத்திருப்பதுதான். சுரத்தைத் தட்டியவுடன் ஆட்டுவதில்லை. முதலில் நேராக நிற்கவிட்டு, அது இன்ன சுரம் என்று காதுக்கு உறுதியான பிறகு, வால் பகுதியில் மட்டும் இலேசாக அசைக்கிறார். உங்கள் கீபோர்டு அண்ணனின் புகார் இதிலேயே முக்கால்வாசி தீர்ந்துவிடும். நான்கு எண்ணிக்கை நீளமான சுரம் என்றால் முதல் இரண்டில் ஆர்மைத் தொடாதீர்கள்.

அடுத்தது, எவ்வளவு ஆட்டுவது. ட்யூனரை எதிரில் வைத்துக்கொண்டு ஒரு சுரத்தை ஆட்டிப் பாருங்கள். முள் பக்கத்து அரைச்சுரம் வரை போனால் அது மெல்லிசைக்கு ஆகாது, கால் சுரம் கூட அதிகம். மணிக்கட்டை வைத்து ஆட்டினால் இந்த அளவு கைக்கு வராது. சுண்டு விரலும் மோதிர விரலும் ஆர்மின் மேல் படுத்திருக்க, அந்த இரண்டின் எடையே போதும் என்று பழக்குங்கள். பிங்க் ஃபிளாய்ட் குழுவின் டேவிட் கில்மோர் ஆர்மையே குட்டையாக வெட்டி வைத்துக்கொண்டு வாசித்தவர். நெம்புகோல் குட்டையானால் பிக் (தந்தியைத் தட்டும் சிறு வில்லை) பிடித்த கைக்குள்ளேயே அது அடங்கிவிடும்.

உங்கள் டீச்சர் சொன்னதை அலட்சியம் செய்யாதீர்கள், அவருக்குக் காது இருக்கிறது. விரலால் தந்தியை வளைத்து அசைக்கும்போது சுருதி மேலே மட்டும்தான் போகும், திரும்பி வரும். தந்தியை இழுக்கத்தான் முடியுமே தவிர, விரலால் தளர்த்த முடியாது. ஆர்ம் அப்படியல்ல. பிரிட்ஜ் உடலைத் தொடாமல் மிதக்கும்படி வைத்திருந்தால் மேலேயும் கீழேயும் போகும், சுரம் நடுவில் இருக்கும். மனிதக் குரலின் அசைவும் அப்படித்தான், அதனால்தான் ஆர்ம் நன்றாக விழும்போது பாடுவதுபோல் இருக்கிறது. உங்கள் கிதாரில் ஐந்து ஸ்பிரிங் இருப்பதால் பிரிட்ஜ் உடலோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அது கீழே மட்டும்தான் போகும். எனவே நீங்கள் ஆட்டுகிற ஒவ்வொரு சுரமும் மொத்தத்தில் இறக்கமாகத்தான் கேட்கும். பின்வரிசைப் பெண்கள் உங்கள் கிதாரைக் கேட்டு நியாயமாகவே இறங்கியிருக்கிறார்கள். மக்கள் பாடுவதற்குத் துணையாக மெட்டைத் தாங்கி வாசிக்கும் இடத்தில் ஆர்ம் வேண்டாம். பாட்டுக்கு முன்னால் வரும் இசை, இரண்டு சரணங்களுக்கு நடுவே வருவது, இங்கெல்லாம் உங்கள் இஷ்டம்.

விரலால் முடிவதை ஆர்மிடம் கொடுக்காதீர்கள், இது என் பிடிவாதம். மாண்டலின் ஸ்ரீனிவாஸ் ஐந்து தந்தி எலெக்ட்ரிக் மாண்டலினில் ஆர்ம் ஏதும் இல்லாமல் எத்தனை கமகம் கொடுத்தார்! விரலிலேயே அவ்வளவு இருக்கிறது. விரலால் முடியாதது எது என்று பாருங்கள்: வெறுந்தந்தியை அசைப்பது, ஹார்மோனிக்ஸை (தந்தியை இலேசாகத் தொட்டு எழுப்பும் மணி போன்ற சுரம்) அசைப்பது, முழுக் கார்டையும் (சேர்ந்து ஒலிக்கும் பல சுரங்கள்) ஒன்றாக அசைப்பது, ஒரு சுரத்துக்குக் கீழிருந்து வந்து சேர்வது. இந்த நான்குக்கும்தான் ஆர்ம்.

நான்காவதுதான் எனக்குப் பிரியமானது. தட்டுவதற்கு முன்பே ஆர்மைச் சற்று அமுக்கி வைத்திருங்கள். அமுங்கிய நிலையில் தட்டி, உடனே விடுங்கள். சுரம் கீழிருந்து வழுக்கி மேலே வந்து உட்காரும். வீணையில் ஜாரு கேட்டுப் பழகிய நம் காதுக்கு இது உடனே பிடிக்கும். அந்தக் காலத்தில் ஹவாயன் கிதார்காரர்கள் இரும்புத் துண்டைத் தந்திமேல் தேய்த்துச் செய்ததை இங்கே ஆர்ம் செய்கிறது. ஆனால் ஒரு பல்லவிக்கு ஒருமுறை போதும். ஒவ்வொரு சொல்லின் தொடக்கத்திலும் செய்தால் மூக்கால் பாடுகிறவர் மாதிரி ஆகிவிடும். அப்படிப் பாடுகிறவர்களோடு நான் மேடை ஏறியிருக்கிறேன், பெயர் வேண்டாம்.

கார்டை ஆட்டும்போது ஒன்று தெரிந்திருக்க வேண்டும். ஆறு தந்திகளும் ஒரே அளவில் இறங்குவதில்லை. மிதக்கும் பிரிட்ஜில் ஆர்மை மேலே இழுத்து, மூன்றாம் தந்தி மூன்று அரைச்சுரம் ஏறும்படி செய்தால், இரண்டாம் தந்தி சுமார் இரண்டுதான் ஏறும், முதல் தந்தி சுமார் ஒன்று. இறங்கும்போதும் இதே ஏற்றத்தாழ்வுதான். மூன்றாம் தந்தி தடிமனாக இருந்தும் ஒப்பீட்டளவில் தளர்வாக நிற்பதால் சின்ன அசைவுக்கே அதிகம் ஓடுகிறது. ஆக, முழு ஈ மேஜரைப் பிடித்து ஆழமாக அமுக்கினால் கார்டு கார்டாக இருக்காது, அதிலும் மூன்றாம் தந்தியில் இருக்கும் காந்தாரம் முதலில் புளிக்கும். கடைசிக் கார்டை முடிக்கும்போது மயிரிழை அளவு அசையுங்கள். பிக்ஸ்பி என்ற வேறு வகை ஆர்ம் பொருத்திய கிதார்களைக் கேட்டால் இந்த அளவு புரியும். அதில் பெரிதாக அமுக்கவே வழியில்லை, அதனாலேயே அழகாக இருக்கும்.

இவ்வளவும் சொன்னதால் பெரிய அமுக்கலுக்கு நான் எதிரி என்று நினைக்க வேண்டாம். 1969இல் உட்ஸ்டாக் மேடையில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் அமெரிக்க தேசிய கீதத்தை வாசித்தபோது ஆர்மை வைத்து குண்டு விழும் ஒலியையே எழுப்பினார். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது. அந்த இடத்தில் அதை யார் ஆபாசம் என்பார்கள்? புளியந்தோப்பு விசிலும் எனக்குச் சம்மதமே. இடையிசை முடிவில், ஒரு கச்சேரிக்கு ஒருமுறை. இரண்டாவது தடவை அடிக்கிற விசில் உங்களுக்காக இருக்காது, பையன்கள் விசில் அடிக்கவே வந்திருப்பார்கள்.

ஆங்கிலேய கிதார்காரர் ஜெஃப் பெக்கைக் கடைசியாக வைத்திருக்கிறேன். 2023 ஜனவரியில் காலமானார். பிக் இல்லாமல் விரலாலேயே தட்டி, ஆர்மை அந்தக் கையிலேயே வைத்துக்கொண்டு, ஒரே ஹார்மோனிக்கை ஆர்மால் ஏற்றி இறக்கி முழு மெட்டையும் வாசிப்பார். அதை வாசித்துப் பார்க்க முயல்வதற்கு முன் பாடிப் பாருங்கள். எந்தப் பாட்டையும் அப்படித்தான்: வாயால் பாடும்போது உங்கள் குரல் தானாக எங்கே அசைகிறதோ அங்கே மட்டும் ஆர்ம்.

ட்யூனிங் பற்றி ராயபுரத்து அம்மா வருவார், அவரிடம் கேளுங்கள். எனக்குப் பொறுமை இல்லை.

---

ராயபுரம்_சாலிடர் எழுதியது:

வந்துவிட்டேன் சார். தம்பி, உங்கள் கடைசிக் கேள்விக்கு நேரடிப் பதில்: நட்டில், அதாவது கழுத்தின் முனையில் தந்திகள் உட்காரும் பள்ளமிட்ட துண்டில், தந்தி சிக்குகிறது.

ஆர்மை அமுக்கும்போது பிரிட்ஜுக்கும் நட்டுக்கும் நடுவே தந்தி தளர்கிறது. நட்டுக்கு அந்தப் பக்கம், திருகாணி இருக்கும் பக்கம், இறுக்கம் அப்படியே இருப்பதால் கொஞ்சம் தந்தியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. நீங்கள் ஆர்மை விடும்போது அந்தக் கொஞ்சம் திரும்பி வர வேண்டும். நட்டின் பள்ளம் குறுகலாகவோ சொரசொரப்பாகவோ இருந்தால் வராது. தந்தி குட்டையாகிவிட்டதற்குச் சமம், எனவே சுருதி ஏறி நிற்கிறது. விரலால் பெரிதாக வளைத்த பிறகு நேர்மாறாக இறங்கி நிற்கும். ட்யூன் செய்யும்போது "டிக்" என்று ஒரு சத்தம் கேட்கிறதா? அதுவும் இதே நோய். மேடையில் அவசரத்துக்கு, ஏறிப்போன தந்தியை நட்டுக்கு அருகே பிடித்து ஒருமுறை இழுத்துவிட்டால் இடத்துக்கு வரும். நிரந்தர வைத்தியம் பள்ளத்தைச் சரியாக அராவி, 2பி பென்சில் கரியைத் தேய்ப்பது. தந்தி மாற்றும்போதெல்லாம் தேய்க்க வேண்டும்.

1970களின் இறுதியில் ஃபிளாய்ட் ரோஸ் தந்தியை நட்டிலேயே பூட்டிவிடும் அமைப்பைக் கொண்டுவந்தது இந்தத் தலைவலிக்காகத்தான். அதை உங்கள் கிதாரில் போட வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மரத்தைக் குடைய வேண்டியிருக்கும், நீங்கள் வாசிக்கும் பாட்டுக்கு அது தேவையும் இல்லை.

ஸ்பிரிங் விஷயம். 9ஆம் நம்பர் செட், ஸ்ட்ராட் நீளத்தில், ட்யூன் செய்த நிலையில் மொத்தம் 38 கிலோ அளவுக்கு இழுக்கிறது. 10ஆம் நம்பர் என்றால் 47 கிலோ அளவு. பின்னாலிருக்கும் ஸ்பிரிங்குகள் அதற்கு ஈடுகொடுத்து எதிர்த்து இழுத்தால் பிரிட்ஜ் மிதக்கும். காசிமேட்டு மீன் தராசின் இரண்டு தட்டுகள்தான் இது. 38 கிலோவுக்கு ஐந்து ஸ்பிரிங் அதிகம், மூன்று போதும். தந்தி நம்பரை மாற்றினால் தராசு சாய்ந்துவிடும், மறுபடி ஸ்பிரிங்கைச் சரிசெய்ய வேண்டும். பிரிட்ஜ் தட்டின் பின்விளிம்பு உடலிலிருந்து 3 மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கட்டும்.

ஸ்பிரிங்குகள் மாட்டியிருக்கும் இரும்புக் கொக்கியைத் திருகும்போது கவனம் தேவை. அதில் ஒரு எர்த் வயர் சாலிடர் செய்யப்பட்டிருக்கும். ஸ்குரூ டிரைவர் பட்டு அது அறுந்தால் ஒலிபெருக்கிப் பெட்டியில் "ம்ம்ம்" என்ற இரைச்சல் தொடங்கும், தந்தியைத் தொட்டாலும் போகாது. எர்த் போன கிதாரோடு யாராவது இங்கே வந்தால் முதலில் பின்மூடியைக் கழற்றி அதைத்தான் பார்ப்பேன்.

நம் பக்கத்துக்கென்றே ஒரு தொல்லை உண்டு, உப்புக் காற்று. கடற்கரைக்கு அருகில் இருப்பவர்களின் பிரிட்ஜ் திருகுகள் துருப்பிடித்து முனை தேய்ந்துபோகின்றன. பிரிட்ஜ் சாய்ந்தாடுவது அந்த ஆறு திருகுகளின் மேல்தான். அங்கே சொரசொரப்பு வந்தால் நட் நன்றாக இருந்தும் பயனில்லை. தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள், வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். நடு நான்கு திருகுகளைக் கால் சுற்றுத் தளர்த்தி வைத்தால் பிரிட்ஜ் இன்னும் இலகுவாக ஆடும். வாசித்து முடித்ததும் தந்தியைப் பருத்தித் துணியால் துடையுங்கள். துருப்பிடித்த தந்தி நட்டை ரம்பம் மாதிரி அறுக்கும்.

ஆர்ம் தொளதொளவென்று ஆடுகிறதா? பிளம்பர் குழாய் மரையில் சுற்றும் வெள்ளை டேப்பை ஆர்மின் மரையில் இரண்டு சுற்றுச் சுற்றி மாட்டுங்கள். வைத்த இடத்தில் நிற்கும். சார் சொல்கிற மெல்லிய அசைவெல்லாம் அதற்குப் பிறகுதான் கைக்கு வரும். மரையில் ஆட்டம் இருந்தால் உங்கள் விரல் நகர்வதற்கும் சுருதி நகர்வதற்கும் நடுவே இடைவெளி விழும்.

---

வியாசை_ஆறுதந்தி எழுதியது:

ஐயாவுக்கும் அக்காவுக்கும் நன்றி. பென்சில் கரி வேலை செய்கிறது. அந்த "டிக்" சத்தம் மூன்றாம் தந்தியில்தான் இருந்தது, போய்விட்டது. வெள்ளை டேப்பும் சுற்றியாயிற்று.

ஐயா, ஒன்றில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. மக்கள் பாடும்போது ஆர்மே வேண்டாம் என்கிறீர்கள். நற்கருணை நேரத்துப் பாட்டு ஒன்று மிகவும் மெதுவாகப் போகும். அதில் ஒவ்வொரு அடியின் கடைசிச் சொல்லுக்குப் பிறகு மக்கள் மூச்சு வாங்குவார்கள். அந்த இடைவெளியில் மட்டும் நீங்கள் சொன்ன கீழிருந்து வரும் சுரத்தை வைத்தேன். டீச்சர் திரும்பிப் பார்க்கவில்லை. கீபோர்டு அண்ணன் பார்த்தார், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. மக்களுடைய குரல் நின்ற இடத்தில் யாரையும் இழுக்க வழியில்லையே?

இன்னொரு கேள்வி. அக்கா மிதக்க விடச் சொல்கிறார். மிதக்கவிட்ட பிறகு இரண்டு தந்திகளைச் சேர்த்து வாசித்து ஒன்றை மட்டும் வளைத்தால், மற்றது இறங்கி நாராசமாக இருக்கிறது. மெல்லிசைப் பாட்டுகளின் இடையிசையில் எனக்கு இது அடிக்கடி வரும். என்ன செய்வது?

---

லோகோ_கிதார் எழுதியது:

மூச்சு வாங்கும் இடத்தில் வைத்தது சரி. நான் சொன்னது மெட்டைத் தாங்கும் இடம். அது தாங்கும் இடமல்ல. அதை நீங்களாகக் கண்டுபிடித்தது எனக்கு இன்னும் சந்தோஷம்.

இரண்டு தந்திச் சிக்கலுக்கு மிதக்கும் பிரிட்ஜில் முழு மருந்து கிடையாது. ஒரு தந்தியை வளைத்தால் மொத்த இழுவை கூடும், பிரிட்ஜ் முன்னால் சாயும், மற்ற ஐந்தும் இறங்கும். உள்ளங்கையின் ஓரத்தை பிரிட்ஜின் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு வளைக்கலாம், பழக்கம் வேண்டும். என்னைக் கேட்டால் ஸ்பிரிங்கைச் சற்று இறுக்கி பிரிட்ஜை உடலோடு உட்கார வைத்துவிடுவேன். கீழே மட்டும் போகட்டும். கச்சேரி நடுவே தந்தி ஒன்று அறுந்தாலும் மீதி ஐந்தும் சுருதியில் நிற்கும். மிதக்கும் பிரிட்ஜில் ஒன்று அறுந்தால் மீதி அத்தனையும் ஏறிவிடும். தெருக் கச்சேரியில் மாற்றுக் கிதார் யாரிடம் இருக்கிறது? இரண்டு பக்க அசைவு வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும்தான். ஆனால் சம்பளம் வாங்கும் மேடையில் அது இரண்டாம்பட்சம்.

---

ராயபுரம்_சாலிடர் எழுதியது:

சார், உட்கார வைத்த பிரிட்ஜில் சுரம் கீழே மட்டும்தான் போகும், மொத்தத்தில் இறக்கமாகக் கேட்கும் என்று மேலே எழுதியதே நீங்கள்தானே! தேவாலயத்துக்கு மிதக்கும் பிரிட்ஜ்தான் பொருந்தும், அங்கே யாரும் இரண்டு தந்தி வளைப்பதில்லை. ஆடிக்கு உட்கார வைத்துக்கொள்ளலாம். கொக்கியின் இரண்டு திருகுகளையும் சம அளவில் அரைச் சுற்று இறுக்கிப் பாருங்கள் தம்பி, பிரிட்ஜ் உட்காரவில்லை என்றால் இன்னும் சற்று. பிறகு மறுபடி ட்யூன் செய்யுங்கள். பத்து நிமிட வேலைதான்.

---

வியாசை_ஆறுதந்தி எழுதியது:

அப்படியே செய்கிறேன் அக்கா. ஐந்து ஸ்பிரிங்கில் எந்த இரண்டைக் கழற்ற வேண்டும்?

---

ராயபுரம்_சாலிடர் எழுதியது:

நடுவில் இருப்பதும் இரண்டு ஓரங்களில் இருப்பவையும் இருக்கட்டும், மற்ற இரண்டையும் எடுத்துவிடுங்கள். தந்திகளை முழுவதும் தளர்த்திய பிறகு எடுங்கள், மூக்கு நீண்ட குறடு இருந்தால் நல்லது. எடுத்த இரண்டையும் தூக்கிப் போட வேண்டாம். 10ஆம் நம்பர் தந்திக்கு மாறினால் ஒன்று திரும்பத் தேவைப்படலாம்.